குட்டியின் பத்து கிலோ

டிரைவிங் டீச்சரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தது ஒரு குப்பைத் தொட்டி.

இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டிருக்க, டீச்சர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வந்தாலும் நாய் வந்தாலும், ஓட்டுகிறவர் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாலும், டீச்சரின் கால் தன் வேலையைப் பார்த்துவிடும். ஊரில் பாதிப் பேர் முழுசாக நடமாடுவதே தன் வலது காலின் புண்ணியத்தில்தான் என்று அவர் சொல்லிக்கொள்வது வழக்கம்.

ஆனால் வருஷத்துக்கு வருஷம் வயிறு முன்னால் வர வர, சீட்டு பின்னால் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் இனித் தள்ள இடமில்லை. போன மாதம், கார் கற்றுக்கொள்ள வந்த பல் டாக்டர் ஒருவர் திருப்பத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார். டீச்சர் காலை நீட்டினார். கட்டைவிரல் பிரேக்கைத் தொட்டது. தொட்டதோடு சரி, அழுத்த எட்டவில்லை. கார் நடைபாதையில் ஏறி, ஆள் உயரக் குப்பைத் தொட்டி ஒன்றை முட்டிச் சாய்த்துவிட்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. பல் டாக்டர் "சாரி டீச்சர், சாரி டீச்சர்" என்று நடுங்கிக்கொண்டிருந்தார். டீச்சர் அவரைத் திட்டவில்லை. தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறிவித்தார். "நான் ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். இரைப்பையைச் சின்னதாக்கறாங்களே, அந்த ஆபரேஷன்."

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவர் கணவர், ஒல்லியான மனிதர், டிவியை அணைத்தார். "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. கால் சொல்லிடுச்சு."

சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்த குட்டி எழுந்து உட்கார்ந்தாள். "நானும் வர்றேன் அண்ணி, துணைக்கு."

குட்டி டீச்சரின் நாத்தனார். வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் வைத்த பெயர் நாற்பத்தோரு வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது; மற்றபடி அவளிடம் குட்டியாக எதுவும் கிடையாது. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பெரிய லாண்டரியில் வேலை. ஈரப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. மெஷினிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வரும் விரிப்புகளை மூட்டையாகச் சுருட்டித் தூக்கி, உலர்த்தும் மெஷினுக்குள் வீசுவாள். இரண்டு ஆண்கள் சேர்ந்து தூக்குவதை ஒற்றை ஆளாகத் தூக்குவாள் என்று அங்கே ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் அவள்தான்.

கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டிலேயே பதினெட்டு வருஷமாக இருக்கிறாள். பதினெட்டு வருஷமாக அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரே ஒரு சண்டைதான்: யார் அதிக எடை? துணிக்கடையில் இருவரும் ஒரே அளவைத்தான் எடுத்தார்கள். ஒருத்தி நைட்டியை இன்னொருத்தி போட்டுக்கொண்டு அலைந்தார்கள். ஆனால் "என்னைவிட நீதான் கூட" என்று இருவருமே சாதித்தார்கள். தீர்ப்புச் சொல்ல வீட்டில் எடை மெஷின் இல்லை. இருந்த ஒன்றையும் டீச்சர் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சைக்கு முன்னால் உடம்பின் கட்டமைப்பை அளந்து பார்க்க வேண்டும் என்றார்கள். நான்கு மணி நேரம் சாப்பிடக் கூடாது, உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, லேசான துணி உடுத்த வேண்டும். அந்த மாதம் முழுக்க, கூட வரும் உறவினர் ஒருவருக்கும் அளவு இலவசம் என்று வரவேற்பறையில் ஒட்டியிருந்தது. குட்டி அதை இரண்டு தரம் படித்தாள். அவள் கண்ணில் பதினெட்டு வருஷத்துச் சண்டை மின்னியது.

அளவு அறை இரண்டாவது மாடியின் கோடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் டீச்சர் கவனித்தது மெஷினை அல்ல, நாற்காலிகளை. அகலமான, உறுதியான நாற்காலிகள். ஒன்றுக்கும் கைப்பிடி இல்லை. பல வருஷமாக எங்கே போனாலும் கைப்பிடிகளுக்கு நடுவே தன்னைத் திணித்துக்கொண்டு நுனியில் உட்கார்ந்து பழகியவர் அவர். இங்கே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். யாரோ தன்னைப் பற்றி முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. குட்டி பார்க்காதபோது சீட்டின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

அளவெடுப்பவர் முப்பத்தைந்து வயதுப் பெண். சிரிப்பு என்ற ஒன்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்கு வருகிற ரகம். குட்டி அடுத்த நிமிஷமே அவருக்கு 'அளவம்மா' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"எடை எவ்ளோன்னு பார்க்கறது மட்டும் இல்ல," என்றார் அளவம்மா. "அந்த எடை எது எதால ஆனதுன்னு பார்க்கறோம். கொழுப்பு எவ்ளோ, சதை எவ்ளோ, தண்ணி எவ்ளோ, எலும்பு எவ்ளோன்னு."

"அது எப்படித் தெரியும்? உள்ள எட்டிப் பார்க்குமா?" என்றாள் குட்டி.

"லேசாக் கரண்ட் விடுவோம்."

குட்டி கைப்பையை எடுத்துக்கொண்டாள். "அண்ணி, வாங்க வீட்டுக்குப் போகலாம்."

"ஒண்ணும் தெரியாது, உக்காருங்க. சதையில தண்ணி நிறைய இருக்கு, அதுல கரண்ட் சுலபமாப் போயிடும். கொழுப்புல தண்ணி கம்மி, அங்க முட்டி மோதும். எவ்ளோ முட்டுதுன்னு பார்த்து மெஷின் கணக்குப் போடும்."

"அந்தக் கணக்கு தப்பாகாதா?" என்று கேட்டார் டீச்சர்.

அளவம்மா அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஆகும். எடை அதிகமா இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் முன்ன பின்ன காட்டும். அதுக்குத்தானே நான் இருக்கேன்."

டீச்சருக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. இரண்டாவது பிரேக் வைத்திருக்கிற ஆள் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

வளையல், செயின், கடிகாரம் எல்லாம் ஒரு தட்டுக்குப் போயின. குட்டியின் மோதிரம் மட்டும் வரவில்லை. லாண்டரியில் பத்து வருஷம் முடித்ததற்குக் கொடுத்த மோதிரம். சோப்பு போட்டுப் பார்த்தார்கள், எண்ணெய் போட்டுப் பார்த்தார்கள், விரல்தான் சிவந்தது.

"எப்பலேருந்து கழட்ட முடியல?" என்றார் அளவம்மா.

"ஒரு அஞ்சாறு மாசம் இருக்கும். விரலும் நானும் வளர்ந்துட்டோம்."

அளவம்மா சிரிக்கவில்லை. தன் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டார்.

முதலில் டீச்சர் ஏறினார். வெறுங்காலுக்கு அடியில் இரண்டு இரும்புத் தகடுகள் சில்லென்று இருந்தன. இரு கையிலும் இரண்டு பிடிகள். கைகளை உடம்பில் படாமல் விரித்துக்கொண்டு, பேசாமல் நிற்க வேண்டும். இத்தனை வருஷமும் எடை மெஷினில் ஏறினால் கூரையைப் பார்க்கிறவர் டீச்சர். இன்று கண்ணாடித் திரையில் ஓடும் எண்களை நேராகப் பார்த்தார். நூற்றுப் பதினாறு புள்ளி நான்கு.

அடுத்து குட்டி. பேசாமல் நிற்கச் சொன்னதுதான் அவளுக்குக் கரண்டைவிடப் பெரிய தண்டனை. கன்னம் உப்ப, வாயைப் பூட்டிக்கொண்டு நின்றாள். நூற்றுப் பதினாறு புள்ளி ஒன்பது.

"பார்த்தியா!" என்று டீச்சர் கையைத் தட்டினார். "அரைக் கிலோ நீதான் கூட!"

"மோதிரத்தோட ஏறினேன் அண்ணி!"

"மோதிரம் அரைக் கிலோவா? அம்மிக்கல்லையா விரல்ல மாட்டியிருக்க?"

மெஷின் இரண்டு தாள்களைத் துப்பியது. அளவம்மா அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விளக்கினார். எடை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் உள்ளே இருப்பது வேறு. டீச்சரின் எடையில் அறுபத்திரண்டு கிலோ கொழுப்பு. குட்டிக்கு ஐம்பத்திரண்டரை. கொழுப்பு போக மிச்சமுள்ள சதை, நீர், எலும்பு எல்லாம் சேர்த்துக் குட்டிக்குக் கிட்டத்தட்டப் பத்து கிலோ அதிகம்.

குட்டிக்குத் தலைகால் புரியவில்லை. "பத்து கிலோ! கேட்டீங்களா அண்ணி? நீங்க வெறும் கொழுப்பு. நான் பூரா சதை! நான் அப்பவே சொல்லல, ஈரப் பிரிவுன்னா சும்மாவா?"

அளவம்மா மட்டும் தாளின் கீழே இருந்த ஒரு எண்ணிலேயே நின்றார். "ஒரு நிமிஷம் காலை நீட்டுங்க," என்று சொல்லிவிட்டுக் குட்டியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மெதுவாகப் பத்து வரை எண்ணி விரலை எடுத்தார். அந்த இடத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல அந்தக் குழி அப்படியே நின்றது.

"உடம்புத் தண்ணியில செல்லுக்கு வெளிய இருக்க வேண்டியது நூத்துக்கு முப்பத்தெட்டுப் பங்கு. உங்களுக்கு நாப்பத்தொண்ணு காட்டுது. தண்ணி கோத்திருக்கு. மெஷினுக்குத் தண்ணியும் சதையும் ஒண்ணுதான், அதனால சேர்த்துக் காட்டுது. ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் இல்லையே," என்றாள் குட்டி. அளவம்மா கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. சொல்லிவிட்டுச் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"நீங்களும் டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க."

"நான் துணைக்கு வந்தவ. என்னை எதுக்கு இழுக்கறீங்க?"

அளவம்மா வற்புறுத்தவில்லை. ஒரு வாரத்துக்குள் காட்டச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். குட்டி அதை நாலாக மடித்துப் பைக்குள் போட்ட விதத்திலேயே, அது வெளியே வரப்போவதில்லை என்று தெரிந்தது.

சர்ஜன் டீச்சரின் தாளைப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். "ஆபரேஷன் பண்ணா கொழுப்போட சேர்ந்து சதையும் கரையும் மா. உங்ககிட்ட சதை முதல்லயே கம்மி. இப்பவே பண்ணா எடை குறையும், ஆனா எழுந்து நடக்கத் தெம்பு இருக்காது. மூணு மாசம் பயிற்சி செய்யுங்க, புரதம் நிறைய சாப்பிடுங்க. சர்க்கரையும் கொஞ்சம் இறங்கட்டும். அப்பறம் மறுபடி அளந்து பார்க்கலாம்."

டீச்சரின் முகம் தொங்கிப்போனது. லைசன்ஸ் டெஸ்டில் தோற்ற மாணவர்களுக்கு "பரவாயில்ல, அடுத்த தடவை" என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவருபவர் அவர். அந்த வார்த்தை காதுக்கு எவ்வளவு கசப்பு என்று இன்றுதான் தெரிந்தது.

திரும்பும் வழியில் டீச்சர்தான் ஓட்டினார். குட்டி பக்கத்தில் உட்கார்ந்து தாளை விரித்து வைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக இருந்தாள். "வலது கையில மட்டும் நாலு கிலோ அண்ணி. நாளைக்கு லாண்டரி நோட்டீஸ் போர்டுல இதை ஒட்டப் போறேன்."

டீச்சர் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். அவர் கண்ணுக்குள் அந்தக் குழி நின்றது. கூடவே, அளவம்மா கேட்டு முடிக்கும் முன்பே வந்து விழுந்த பதிலும். கண்ணாடியைப் பார்க்காமலே "பார்த்துட்டேன் டீச்சர்" என்று சொல்லும் மாணவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவர் அவர். அந்தக் குரல் அவருக்கு அத்துப்படி.

காரை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"பையைக் குடு."

"எதுக்கு?"

"குடுன்னா குடு."

குட்டி திருதிருவென்று விழித்தாள். டீச்சரே எடுத்துத் திறந்தார். சீப்பு, சில்லறை, லாண்டரி சாவி, அவற்றுக்கு அடியில் ரப்பர் பேண்ட் போட்ட மாத்திரை அட்டைகள். ஒன்றல்ல, ஏழு. பாதி காலி.

"இது என்ன?"

"முட்டி வலிக்கு."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"காலையில ரெண்டு. மத்தியானம் ரெண்டு." கொஞ்சம் நிறுத்தி, "படுக்கப் போறப்ப ஒண்ணு," என்றாள்.

"எத்தனை நாளா?"

"எட்டு மாசமா."

"எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாரு?"

"லாண்டரிக்குப் பக்கத்து மருந்துக் கடைக்காரரு."

டீச்சருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் திரும்பிப் பார்த்தபோது குட்டியின் கண்ணில் நீர் தளும்பி நின்றது. அவள் அழுது டீச்சர் பார்த்ததில்லை.

"வலின்னு சொன்னா மடிக்கிற மேஜைக்கு மாத்திடுவாங்க அண்ணி. அங்க போனவங்க யாரும் திரும்பி வரல. உக்காந்து தலையணை உறை மடிக்கணும், நாள் பூரா. நான் எப்படி... என்னை எல்லாரும் எப்படிப் பார்ப்பாங்க? அண்ணாகிட்ட சொன்னா நாளைக்கே வேலைய விடச் சொல்லுவாரு. அதான்..."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்ட என்னன்னு சொல்றது? முட்டி போச்சுன்னா எடை கூடிடுச்சுன்னுதானே அர்த்தம். நீங்க ஜெயிச்சிடுவீங்களே!"

டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எஞ்சினைக் கிளப்பினார், கண்ணாடியைப் பார்த்தார், சிக்னல் போட்டார். 'இங்கே திரும்பக் கூடாது' என்று பெரிதாக எழுதியிருந்த பலகைக்கு நேர் கீழே, இருபத்திரண்டு வருஷமாக யாரையும் திரும்ப விடாத அதே இடத்தில், காரை ஒரே வளைப்பில் திருப்பினார்.

"அண்ணி! பலகை!"

"வாயை மூடிட்டு பெல்ட்டைப் பிடி."

அளவம்மா அறையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது இருவரும் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்து நின்றார்கள். டீச்சர் மாத்திரை அட்டைகளை அவர் கையில் வைத்தார். அளவம்மா அட்டையில் இருந்த பெயரைப் படித்தார். பூட்டைத் திறந்து, குட்டியை உட்கார வைத்து, ரத்த அழுத்தம் பார்த்தார். நூற்று எழுபதுக்கு மேல் போயிற்று. அப்படியே கீழே பொது மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் கொஞ்சம் திணறிக்கொண்டிருந்தது. பயப்படும் அளவுக்கு இல்லை. இன்னும் ஆறு மாதம் இப்படியே போயிருந்தால் பயப்பட வேண்டியிருந்திருக்கும். "இந்த மாத்திரை உடம்புல உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வெச்சுடும்," என்றார் பொது மருத்துவர். "இன்னியோட நிறுத்துங்க. வலிக்கு வேற தர்றேன், அளவோட."

அடுத்த பத்து நாள் வீட்டில் குட்டியின் ராஜ்ஜியம். முட்டிக்கு ஐஸ் வைக்க அண்ணன், கால் தூக்கி வைக்கத் தலையணை எடுத்துவர அண்ணி. உடம்பில் தேங்கிய நீர் போக மருந்து கொடுத்திருந்தார்கள். அரை மணிக்கொரு தரம் பாத்ரூமுக்கு ஓடினாள். "எனக்கு ஒரு தனிப் பாதை போட்டுடுங்க," என்று அண்ணனிடம் சொன்னாள். பத்தாம் நாள் மோதிரம் தானாகவே கழன்று விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது.

மறுபடி அளந்தபோது ஆறு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. கொழுப்பு அப்படியேதான் இருந்தது. குறைந்தது முழுக்க அவள் சதை என்று நினைத்துக்கொண்டிருந்த நீர்தான். அண்ணியைவிடக் கூடுதலாக இருந்த பத்து கிலோ, மூன்று கிலோவாகச் சுருங்கிவிட்டது.

"மூணா?" என்றாள் குட்டி. குரல் எங்கோ பாதாளத்திலிருந்து வந்தது. "பத்துன்னு லாண்டரி பூரா சொல்லிட்டேனே."

"மூணும் அசல்," என்றார் அளவம்மா. "ஒரு துளி கலப்படம் இல்ல."

அவர் ஜோக் அடித்திருக்கிறார் என்பது மாடிப்படி இறங்கும்போதுதான் இருவருக்கும் புரிந்தது.

அதன்பின் நடந்ததை டீச்சர் எதிர்பார்க்கவில்லை. முட்டியைப் படம் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர், குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, ஒருநாள் மாற்றத்தான் வேண்டும், அதற்கு முன் எடை குறைந்தாக வேண்டும் என்றார். சர்ஜன் குட்டியின் தாள்களைப் பார்த்தார். சதை போதுமான அளவு இருக்கிறது, ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது, சிறுநீரகம் தேறிவிட்டது. "உங்களுக்கு ரெண்டு மாசத்துல பண்ணிடலாம் மா," என்றார்.

துணைக்கு வந்தவளுக்குத் தேதி கிடைத்துவிட்டது.

டீச்சர் அன்று முழுக்க யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாணவர்களிடம் எரிந்து விழுந்தார். இரவுச் சாப்பாட்டில் கணவர் தண்ணீர் கேட்டதற்கு, "எல்லாம் அவங்கவங்களே எடுத்துக்கறாங்க, நீங்களும் எடுத்துக்கங்க," என்றார். தனக்கே அசிங்கமாக இருந்தது. நாத்தனாரின் முட்டியைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஒருத்தி உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா என்று தோன்றியது. ஆனாலும் அடங்கவில்லை.

குட்டி அதைப் பேசித் தீர்க்கப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்து நின்றாள். "கிளம்புங்க."

"எங்க?"

"லாண்டரிக்கு. இன்னிக்கு லீவு, யாரும் இருக்க மாட்டாங்க. டாக்டர் உங்களை வெயிட் தூக்கச் சொன்னாரு. ஜிம்முக்குப் போக வெக்கம்னு நீங்க போகல. எல்லாம் எனக்குத் தெரியும்."

காலியான லாண்டரியில் சோப்பு வாசனை மட்டும் இருந்தது. குட்டி ஒரு ஸ்டூலைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். ஒரு மெஷினில் ஆறு மூட்டை விரிப்புகளை நனைத்து வெளியே எடுக்கச் சொன்னாள்.

"குனியாதீங்க! முட்டிய மடக்குங்க. முதுகு நேரா இருக்கணும். ஏன் மூட்டையப் பார்க்கறீங்க? எங்க போடணுமோ அங்க பாருங்க!"

"கத்தாதடி."

"நீங்க உங்க ஸ்டூடன்ட்ஸ்கிட்ட கத்தறதில்ல?"

டீச்சர் நான்காவது மூட்டையைப் போட்டதும் உட்கார்ந்துவிட்டார். புடவை முழுக்கத் தண்ணீர். தொடையிரண்டும் நடுங்கின. குட்டி எழுந்து வந்து துண்டு கொடுத்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு அண்ணி," என்றாள், துண்டைப் பார்த்தபடியே. "வயித்தை வெட்டறாங்க. நீங்கதான் முதல்ல பண்ணிப்பீங்க, பக்கத்துல உக்காந்து பார்த்துட்டு அப்பறம் தைரியம் வந்தா நானும் பண்ணிக்கலாம்னு நினைச்சிருந்தேன். இப்ப என்னை முன்னாடி தள்ளிவிட்டுட்டாங்க."

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காலையிலிருந்து, இல்லை, ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது மெல்ல எழுந்து போனது.

"நான் பக்கத்துலதான் இருப்பேன்," என்றார். "இன்னும் ரெண்டு மூட்டை இருக்கு. நகரு, தூக்கறேன்."

எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனார்கள். வார நாட்களில் வீட்டில் தண்ணீர் கேன்கள். குட்டி தானாகவே மேலாளரிடம் போய் முட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அவர் அவளை மடிக்கிற மேஜையில் உட்கார வைக்கவில்லை; புதிதாக வந்தவர்களுக்கு முதுகு போகாமல் தூக்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். அது அவளுக்குப் பிடித்த வேலை, கத்தலாம்.

அறுவை சிகிச்சை அன்று காலை பச்சை அங்கியில் படுத்திருந்த குட்டி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, எனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா..."

"ஆயிடுச்சுன்னா உன் நைட்டி எல்லாம் எனக்கு. பேசாம போயிட்டு வா."

இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். முதல் இரண்டு வாரம் நீராகாரம் மட்டும். ஒரு டம்ளர் சூப்பை ஒரு மணி நேரம் குடித்தாள். நடுநடுவே அண்ணன் சாப்பிடுவதைப் பார்த்து அவரை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ச் சாப்பிடத் தொடங்கினார். ஒரு மாதத்தில் எல்லாம் சீரானது.

டீச்சருக்கு மூன்று மாதம் முடிந்ததும் அளந்தார்கள். கொழுப்பு எட்டு கிலோ குறைந்து, சதை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. சர்க்கரையும் இறங்கியிருந்தது. இப்போது பிரேக் எட்டியது. சர்ஜன் காலண்டரைத் திறந்தார். "தேதி போடலாமா?"

டீச்சர் யோசித்தார். "இன்னொரு மூணு மாசம் இப்படியே போய்ப் பார்க்கறேன் டாக்டர். வேணும்னா வந்து படுத்துக்கறேன். ஓடிட மாட்டேன்."

"தாராளமா," என்றார் சர்ஜன். "ஆனா அளக்க வரணும்."

குட்டியின் மூன்றாம் மாத அளவுக்கு மூவரும் சேர்ந்து போனார்கள். அவள் எண்பத்தாறு கிலோவில் இருந்தாள். மெஷினிலிருந்து இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சதை எவ்ளோ போச்சு?"

"நாலு கிலோ. இந்த அளவுக்குக் குறைஞ்சதுக்கு ரொம்பக் கம்மி. நல்லாப் பயிற்சி பண்றீங்க," என்றார் அளவம்மா. பிறகு மூலையில் ஆஸ்பத்திரிப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்த அண்ணனை, அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தார். "சார், நீங்களும் ஏறுங்களேன்."

"நானா? என்கிட்ட அளக்க என்ன இருக்கு?" அறுபத்திரண்டு கிலோக்காரர் சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டு ஏறினார்.

தாள் வந்தது. அளவம்மா அதைப் படித்தார், மறுபடி படித்தார். "சார், உங்களுக்கு நூத்துக்கு முப்பது பங்கு கொழுப்பு. அதுல நிறைய வயித்துக்குள்ள, உறுப்புகளைச் சுத்தி இருக்கு. கை கால்ல சதையே இல்ல."

அதன்பின் குட்டி கைப்பிடி இல்லாத நாற்காலியில் சரிந்து சிரிக்கத் தொடங்கினாள். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக் கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எண் மாறவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர்தான் முதலில் ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கல்யாணத்துக்கு முன் வாங்கிய ஷூ. பூங்காவில் பாதிச் சுற்றுகூட முடியவில்லை. இடது ஷூவின் அடிப்பாகம் பிய்ந்து, அடிக்கு ஒரு தரம் 'டப்' என்று தரையில் அறைந்தது. சிரித்துச் சிரித்து நடக்க முடியாமல் இரண்டு பெண்களும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் ஒரு முறை முறைத்தார். பிறகு குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, தலையை நிமிர்த்தி, விறுவிறுவென்று அடுத்த சுற்றுக்குப் போனார்.

"கையை வீசி நடங்கண்ணா!" என்று பின்னாலிருந்து கத்தினாள் குட்டி.